பெட்டிக்குள் குளிர்

மூடியைத் திறக்கக் கூடாது. திறந்தால் உள்ளே இருக்கிற குளிர் வெளியே போய்விடும், திறக்காவிட்டால் உள்ளே குளிர் இருக்கிறதா என்றே தெரியாது, இது என்ன நியாயம், எந்தச் சட்டத்தில் இருக்கிறது இப்படி ஒரு பிரிவு என்று நிறைமதி பெட்டியைப் பார்த்தபடியே படுத்திருந்தாள். பார்த்துக்கொண்டிருப்பதால் உள்ளே ஒன்றும் மாறப்போவதில்லை. ஆனாலும் கண்ணை எடுத்தால் அந்த நொடியில்தான் கடைசி ஐஸ் கரைந்து தண்ணீராகும் என்று மனசுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருந்தது, அதற்குப் படிப்பும் கிடையாது, காரணமும் கிடையாது, வாய் மட்டும் உண்டு. பெட்டி படகின் வயிற்றுக்குள், சமையல் மேடைக்குக் கீழே பதித்தது. மேல்பக்கமாகத் திறக்கிற கனமான மரமூடி. குளிர் தண்ணீர் மாதிரி, கீழேதான் தங்கும், பக்கவாட்டில் கதவு வைத்தால் திறந்த உடனே நம் காலில் கொட்டிவிட்டுப் போய்விடும் என்று எழிலன் அத்தான் முதல் நாளே வகுப்பு எடுத்திருந்தார். அக்கா பூரணியின் வீட்டுக்காரர். கப்பலில் இஞ்சினியராக இருந்துவிட்டு, வேலையை விட்ட கையோடு ‘செம்பருந்து’ என்ற இந்தப் பாய்மரப் படகை வாங்கியவர். புதுச்சேரியிலிருந்து அந்தமானுக்குப் போகலாம் வாங்க என்று அவர் கூப்பிட, அக்கா யோசிக்க, சுகர் இருக்கிற பெண் கடலுக்கு எதுக்கு என்று சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கேட்க, அந்தக் கேள்வி ஒன்றுக்காகவே நிறைமதி வருகிறேன் என்று சொன்னாள். சுகர் இருக்கிற பெண் மலை ஏறக் கூடாதா, கடல் போகக் கூடாதா, சுகர் இருக்கிற ஆண் போனால் வீரம், இவள் போனால் கொழுப்பா? கேட்டாள், ஜெயித்தாள், வந்தாள். இப்போது வங்கக் கடலின் நடுவில் காற்று செத்துப்போய் பாய் தொங்குகிறது. இஞ்சின் முந்தாநாளே இருமி அடங்கிவிட்டது. சோலார் தகடு தருகிற மின்சாரம் ரேடியோவுக்கும் ராத்திரி விளக்குக்கும்தான் காணும். நேற்று மாலை அத்தான் பெட்டியைக் குளிர வைக்கிற ஃப்ரிட்ஜை அணைத்தார். இனி பெட்டிக்குள் இருக்கிற குளிர் என்பது மீன்பிடித் துறைமுகத்தில் வாங்கிப் போட்ட ஐஸ் பாரில் மிச்சமிருக்கிற பாதி மட்டும். அதன் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள், பேனாவில் போட்டுக் குத்திக்கொள்கிற சின்னச் சின்னக் கண்ணாடிக் குழல்களில், அவளுடைய இன்சுலின் மொத்தமும்.

மொத்தமும். அந்த வார்த்தையில் வந்து மனசு தட்டிக்கொண்டது, துணி முள்ளில் மாட்டுகிற மாதிரி. மொத்தமும் வைக்க வேண்டாம் என்றுதானே அத்தான் சொன்னார். காலையில் நடந்த சண்டையை அவள் மறுபடி முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள், எங்கேயாவது தோற்றோமா என்று. தோற்கவில்லை. “உன் மருந்து ஒரு மாசம் வெளியவே தாங்கும்மா, கூச்சல் போடாத” என்று ஆரம்பித்தது அவர். “எந்த வெளியில? டாக்டர் வெளியன்னு சொன்னது ஃபேன் ஓடுற ரூமை. இந்த இட்லிக் கொப்பரையை இல்ல” என்றாள் இவள். அப்போதுதான் மூடியைத் திறந்து பார்த்தவள் கண்ணில் பட்டது, டப்பாவுக்கு மேலே வரிசையாக அவருடைய பீர் டின்கள். கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. “உங்க பீருக்கு இடம் இருக்கு, என் உயிருக்கு இடம் இல்லையா?” ஒவ்வொன்றாக எடுத்து மேலே வைத்தாள். அத்தான் அவற்றை ஒரு வலைப்பையில் போட்டுக் கயிறு கட்டிக் கடலில் இறக்கிவிட்டு, “இந்தா, வக்கீலம்மா தீர்ப்பு நிறைவேத்தியாச்சு. உலகத்துலயே பெரிய ஃப்ரிட்ஜு, கரண்ட் பில்லே கிடையாது” என்று சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றை இழுத்துக் குடித்துப் பார்த்துவிட்டு, கஷாயம் மாதிரி இருக்கு என்று முகத்தைச் சுளித்தார், அதுவும் இவளுக்குத் திருப்தியாக இருந்தது. பிறகு அந்தச் சட்டிப் பேச்சு. தயிர் உறை ஊற்றுகிற மண்சட்டியில் பாதி மருந்தை வைத்து, ஈரத்துணி சுற்றி, பாய்க்குக் கீழே நிழலில் தொங்கவிடலாம், கடல்ல தண்ணிக்கா பஞ்சம், நான் மணிக்கொரு தரம் நனைக்கிறேன், பாதி அங்க, பாதி இங்க, எது போனாலும் இன்னொண்ணு இருக்கும். அவர் நிதானமாகத்தான் சொன்னார். அந்த நிதானம்தான் அவளுக்குப் பொறுக்கவில்லை. “காத்தே இல்லாத இடத்துல ஈரத்துணி எப்படிக் குளிரும்? உங்க வீட்டு மோர்ச்சட்டியா என் மருந்து? சமரசம் பேசாதீங்க அத்தான். குளிரணும். அவ்வளவுதான். எவ்வளவு குளிருதோ அவ்வளவு நல்லது.” அவ்வளவு நல்லது. அப்படியா சொன்னோம்? அப்படித்தான் சொன்னாள். அது முழு உண்மை இல்லை என்று அவளுக்குத் தெரியும், மருந்து வருகிற அட்டைப்பெட்டியிலேயே போட்டிருக்கிறது, ஆனால் கல்லூரிப் பட்டிமன்ற மேடையில் அவள் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு, எதிரணிக்குப் பயன்படுகிற உண்மையை நாமே எடுத்துக் கொடுக்கக் கூடாது. அதுவும் இதுவும் சேர்த்துப் பேசினால் குரல் தொய்ந்துவிடும். அத்தான் கையை விரித்துவிட்டு மேலே போனார். அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, வெங்காயம் உரித்துக்கொண்டு, ஒரு பக்கமும் சேராமல் நின்றாள். அக்கா எப்போதும் அப்படித்தான். பிறகு அத்தானும் இவளும் ஒரே ஒரு விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: பொழுது சாய்கிறவரை யாரும் மூடியைத் திறக்கக் கூடாது. ஒத்துப்போன பிறகும் கோபம் தீராமல் இவளும் கொஞ்ச நேரம் மேலே போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

தாகமாக இருந்தது. தாகம் என்றால் வெயில். தாகம் என்றால் சர்க்கரை. இரண்டுக்கும் தொண்டை ஒரே மாதிரிதான் காய்கிறது, நாக்கு ஒரே மாதிரிதான் மேல் அண்ணத்தில் ஒட்டுகிறது, எது எதுவென்று உடம்பு எழுதியா கொடுக்கிறது? வியர்த்தது. வியர்த்தால் புழுக்கம், வியர்த்தால் சர்க்கரை இறங்குகிறது. தலை சுற்றியது, படகு ஆடினாலும் சுற்றும், அது இல்லாமலும் சுற்றும். கரையில் இருக்கும்போது ஒவ்வொரு குறிக்கும் ஒரு பொருள்தான், இங்கே எல்லாவற்றுக்கும் இரண்டு, எதிரும் புதிருமாக, அவளே வாதி, அவளே பிரதிவாதி, தீர்ப்புச் சொல்ல ஆளில்லை. இடுப்புப் பையில் ஊசிப் பேனா இருந்தது. பாதி தீர்ந்த குழலோடு, உடம்போடு உடம்பாக, அவள் சூட்டிலேயே வெந்துகொண்டு. காலையில் அதில்தான் போட்டுக்கொண்டாள். அது இன்னும் உயிரோடு இருக்கிற மருந்தா, செத்துப்போன தண்ணீரா? ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கருவி கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. எடுக்கவில்லை. எண் ஏறியிருந்தால் மருந்து போய்விட்டது என்று அர்த்தம், அதைத் தெரிந்துகொண்டு பொழுது சாயும்வரை என்ன செய்வது? ஏறாமல் இருந்தால்? அதை நினைக்கவே அவள் கொஞ்சம் கூசினாள். ஏறாமல் இருந்தால் இத்தனை நாள் சூட்டில் கிடந்த மருந்து நன்றாகத்தான் இருக்கிறது, அப்படியானால் அத்தான் சொன்னது சரி, அப்படியானால் காலையில் போட்ட சண்டை... சீ, உயிர் போகிற நேரத்தில் என்ன புத்தி இது. உயிர் போகுமா? போகும். மெல்லப் போகும். முதலில் தாகம், பிறகு வாந்தி, பிறகு மூச்சில் அழுகின பழத்தின் வாசனை. பதினோரு வயதில் அந்த வாசனையோடுதான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அப்பாவின் தோளில் தலை தொங்கிக் கிடந்தபோது அவர் சட்டையில் ஏலக்காயும் பாலும் மணத்தது, கடலூரில் குல்ஃபி வண்டி தள்ளுகிற மனிதரின் சட்டை வேறு எப்படி மணக்கும்? குல்ஃபிக்காரர் பொண்ணுக்குச் சக்கரை என்று தெருவே சிரித்தது, பாவம் என்று சொல்லிக்கொண்டே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவள் எதிரே அவர் குல்ஃபி தின்றதே இல்லை. சாயங்காலம் டிரம்மைச் சுற்றி ஐஸை உடைத்துப் போட்டு, தகரக் குழாய்களை ஒவ்வொன்றாக இறக்குகிற அவருடைய கை நினைவுக்கு வந்தது, வெடித்து, வெள்ளை பூத்து, எப்போதும் எரிந்துகொண்டிருந்த கை. ஏன் இப்போது அந்தக் கை? குளிரைப் பற்றி நினைத்தால் அந்தக் கைதான் வருகிறது. கை வந்தால் ஆஸ்பத்திரிக் கட்டில் வருகிறது, கட்டில் வந்தால் வாந்தி, வாந்தி வந்தால் மறுபடி தாகம். தாகம் என்றால் வெயில். தாகம் என்றால்.

மாவு! எழுந்து உட்கார்ந்தாள். பெட்டிக்குள் அக்காவின் தோசை மாவு இருக்கிறது. ஐஸை ஒட்டி மாவுப் பாத்திரம், அதன்மேல் மருந்து டப்பா, அப்படித்தான் காலையில் அடுக்கினாள், டப்பா ஐஸைத் தொடாதபடி, துணி சுற்றி, தானே, தன் கையால். மாவைவிட நல்ல சாட்சி எங்கே கிடைக்கும்? குளிர் போய்விட்டால் மாவு சும்மா இருக்குமா? இந்தப் புழுக்கத்துக்கு ஒரு மணி நேரத்தில் பொங்கி, மூடியைத் தள்ளி, வழிந்து, படகு முழுக்கப் புளிப்பு நாறும். அவள் மண்டியிட்டு மூக்கை மரமூடியின் விளிம்பில் வைத்து மூச்சை இழுத்தாள். டீசல். வார்னிஷ். ஈரச் சாக்கு. புளிப்பு இல்லை. மறுபடி இழுத்தாள். இல்லை. இல்லையென்றால் உள்ளே குளிர் இருக்கிறது. இல்லையென்றால் மூடி அவ்வளவு இறுக்கம், வாசனைகூட வெளியே வரவில்லை. சனியன், இதற்கும் இரண்டு. கையை மூடியின் மேல் வைத்தாள், திடுக்கிட்டு எடுத்தாள். மரம் ஜில்லென்று இருந்தது. விளிம்பில் பொடிப்பொடியாக நீர் முத்து கோத்திருந்தது, நேற்று இப்படி இல்லையே, ஃப்ரிட்ஜ் ஓடினபோதுகூட இப்படி இல்லையே. அந்த ஈரத்தை விரலால் வழித்துக் கன்னத்தில் தடவிக்கொண்டாள். அப்பாடா. அப்பாடா என்று சொன்ன வாய் மூடுவதற்குள் பயம் வேறு வாசல் வழியாக வந்தது: நேற்றைவிட இன்று எப்படி ஜாஸ்தியாகக் குளிரும்? பாதி ஐஸுக்கு ஏது இவ்வளவு வீரியம்? சும்மா இரு, நல்லது நடந்தால்கூட நம்ப மாட்டாயா என்று தன்னையே அதட்டினாள். மேடையில் ஊன்றிய கை நறநறத்தது. கல்லுப்பு. இரண்டு மூன்று பரல். அக்கா மாங்காய் நறுக்கியிருப்பாள், சிந்திய உப்பைத் துடைத்தால்தானே. பக்கத்தில் உப்பு ஜாடி மூடி சரியாக மூடாமல் கிடந்தது, மூட எடுத்தாள், லேசாக இருந்தது, வைத்தாள். படிக்கட்டின் மேலே வெளிச்சத்தில் அக்காவின் தலை தெரிந்தது.

“தூங்கலியாடி?”

“எங்க தூங்குறது. உள்ள குளிருதுக்கா. மூடி ஜில்லுன்னு இருக்கு.”

அக்காவின் முகம் மலர்ந்தது. என்னவோ சொல்ல வாயெடுத்தவள், பின்னால் திரும்பி அத்தான் இருக்கிற பக்கம் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டாள். “அதான் சொன்னேன்ல, ஒண்ணும் ஆகாதுன்னு” என்று மட்டும் சொன்னாள். அக்கா அப்படிச் சொல்லவே இல்லை. அக்கா காலையிலிருந்து எதுவுமே சொல்லவில்லை. நிறைமதி மறுபடி படுத்தாள். பலகைக்கு அந்தப் பக்கம் கடல் சின்னச் சின்னதாகத் தட்டிக்கொண்டிருந்தது, உள்ளே ஆள் இருக்கிறீர்களா என்று கேட்கிற மாதிரி. காற்று இல்லாத கடலுக்குக் கூட இவ்வளவு பேச்சு. அக்கா எதற்கு அத்தானைத் திரும்பிப் பார்த்தாள்? இரண்டு பேரும் ஏதோ மறைக்கிறார்களா? ரேடியோவில் நேற்றெல்லாம் அத்தான் கூப்பிட்டுப் பார்த்தார், ஒரு கப்பல்கூடப் பதில் சொல்லவில்லை, காற்று வந்தால் நாலு நாளில் கரை என்கிறார், வந்தால், வந்தால், அந்த வந்தால் என்ற சொல்லை மட்டும் ஏன் மெதுவாகச் சொல்கிறார்? தனக்குத் தெரியாமல் ஒரு கணக்குப் போட்டிருப்பார்கள். இவளுக்கு எதுவரைக்கும் தாங்கும் என்று. ஊரில் கேட்டார்களே, சுகர் இருக்கிற பெண்ணுக்குக் கடல் எதற்கு என்று, அவர்கள் அத்தனை பேரும் இப்போது வரிசையாக இந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து அவளைப் பார்ப்பது போல இருந்தது. கேள்விக்குப் பதில் சொல்லு பாப்பம். சொல்வேன். குளிர் இருக்கிறது. மூடி ஜில்லென்று இருக்கிறது. விளிம்பில் நீர் முத்து இருக்கிறது. மாவு பொங்கவில்லை. மூன்று சாட்சி. மூன்றுமே மூடிக்கு வெளியே நின்று சொல்கிற சாட்சி, மதி. உள்ளே போய்ப் பார்த்தவர் யாராவது உண்டா?

வெயில் மஞ்சளாகிப் படிக்கட்டில் இறங்கி வந்தது. “திறக்கலாம் வக்கீலம்மா” என்று மேலேயிருந்து அத்தான் குரல் கொடுத்தார். இவ்வளவு நேரம் அதற்காகவே காத்திருந்தவளுக்கு இப்போது கை வரவில்லை. திறக்காத வரைக்கும் குளிர் இருக்கிறது. மூடியின் வளையத்தைப் பிடித்துத் தூக்கினாள். வெள்ளையாக ஒரு மூச்சு எழும்பி முகத்தில் அடித்தது, அவள் சிரித்தேவிட்டாள், குழந்தை மாதிரி. பக்கவாட்டுச் சுவரில் பனி பூத்திருந்தது. மாவுப் பாத்திரத்தின் மூடியைத் தள்ளிப் பார்த்தாள். பொங்கவில்லை, ஒரு பொட்டுப் பொங்கவில்லை. கரண்டியால் தொட்டாள். டங் என்றது. மறுபடி தட்டினாள். கல். மாவு கல்லாக இருந்தது. சிரிப்பு எந்த இடத்தில் நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை, வாய் மட்டும் இன்னும் விரிந்திருந்தது. ஐஸ் கரையும், ஐஸால் பக்கத்தில் இருப்பதை இப்படிக் கல்லாக்க முடியாது, வெறும் ஐஸால் முடியாது. டப்பா மாவின் மேல் இல்லை. ஐஸுக்குள், உடைத்த ஐஸுக்குள், கழுத்துவரை புதைந்திருந்தது. சுற்றிய துணி இல்லை. ஐஸின் மேல் சாம்பல் நிறத்தில் கரகரவென்று கல்லுப்பு. அவள் விரலை நாக்கில் வைக்கத் தேவையில்லை, விரல் எரிந்தது, அப்பாவின் கை எரிந்த அதே எரிச்சல். உப்பு போட்டால்தான் ஐஸுக்கு ரோஷம் வரும் என்பார் அவர், டிரம்மைச் சுற்றி ஒரு அடுக்கு ஐஸ், ஒரு அடுக்கு உப்பு, அப்போதுதான் குழாய்க்குள் பால் இறுகும். இரண்டு பெண்களும் பார்த்துக்கொண்டே வளர்ந்தார்கள். ஒருத்தி மறந்திருந்தாள். டப்பாவைப் பிய்த்து எடுத்துத் திறந்தாள். முதல் குழலை வெளிச்சத்தில் பிடித்தாள். உள்ளே நெடுக வெள்ளை ஊசிகள். சாய்த்தாள், ஓடவில்லை. இரண்டாவது. மூன்றாவதில் கண்ணாடியே விரிசல் விட்டிருந்தது. சூட்டில் மருந்து மெல்லத்தான் சாகும், உறைந்தால் ஒரே சாவு, பிறகு எவ்வளவு உருக்கினாலும் அது மருந்து இல்லை. எல்லாவற்றையும் பார்த்தாள். மொத்தமும்.

“ஐஸ் இருக்காடி?” அக்கா படிக்கட்டில் பாதி இறங்கி வந்து நின்றாள். முகத்தில் அடக்க முடியாத பெருமை. “திட்டாத, நீங்க ரெண்டு பேரும் மூஞ்சியத் தூக்கிட்டு மேல போனப்ப ஒரே ஒரு தடவ திறந்தேன். அப்பா டிரம்முல போடுவாருல்ல, அந்த மாதிரி ஐஸ உடைச்சு, உப்பு தூவி, டப்பாவ நல்லா உள்ள புதைச்சேன். நீதான சொன்ன, எவ்வளவு குளிருதோ அவ்வளவு நல்லதுன்னு.”

நிறைமதி வாயைத் திறந்தாள். எத்தனை இருந்தது சொல்வதற்கு. உன்னை யார் கேட்டார்கள், மூடியைத் திறக்கக் கூடாது என்று சொன்னோமா இல்லையா, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, வாயில் என்ன கொழுக்கட்டையா. வரிசையாக வந்து நின்றன, ஒவ்வொன்றும் கூர்மையாக, ஒவ்வொன்றும் செல்லும். ஒன்றையும் எடுக்க முடியவில்லை. நீதானே சொன்னாய். சொன்னேன். மூன்று பேர் இருந்த படகில் மருந்து உறையக் கூடாது என்று தெரிந்த ஒரே ஆள் நான், தெரிந்தும் சொல்லாத ஒரே ஆளும் நான். அக்காவின் முகத்தில் பெருமை மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது, டப்பாவைப் பார்த்தாள், தங்கையின் முகத்தைப் பார்த்தாள், “என்னடி? மதி, என்னடி ஆச்சு?” என்றாள். “உறைஞ்சுடுச்சுக்கா. உறைஞ்சா வேலைக்கு ஆகாது. நான் சொல்லல. நான்தான் சொல்லல” என்றாள் நிறைமதி, குரல் அவள் குரலாகவே இல்லை. அக்கா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். இனி பயப்படுவதற்கு ஒன்றுதான் பாக்கி இருந்தது. கருவியை எடுத்தாள். விரல் மரத்திருந்தது, குத்தியது தெரியவில்லை, பிதுக்கிப் பிதுக்கி ஒரு சொட்டு வந்தது. எண் விழுகிறவரைக்கும் மூச்சு விடவில்லை. விழுந்தது. கொஞ்சம் ஏற்றம், பயப்படுகிற ஏற்றம் இல்லை. மறுபடி பார்த்தாள், எண் அப்படியேதான் இருந்தது. காலையில் போட்டது வேலை செய்திருக்கிறது. அவள் நம்பாத அந்தப் பேனா, அவள் சூட்டிலேயே கிடந்து வெந்த அந்தப் பாதிக் குழல், உயிரோடு இருக்கிறது. அது ஒன்றுதான் இருக்கிறது. சிக்கனமாகப் போட்டுக்கொண்டால், காற்று வந்தால், கரைவரைக்கும் வரலாம். காற்று வராவிட்டால் வராது.

இடுப்புப் பையை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு மேலே ஏறினாள். அத்தான் பாயைப் பார்த்துக்கொண்டு நின்றார், கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி கிடந்தது. கீழே பேசினது எல்லாம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும், திரும்பியவரின் முகத்தில் சிரிப்பு இல்லை, வக்கீலம்மா இல்லை. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. ஒரு கேலி செய்யக் கூடாதா, இப்போது போய் ஏன் இந்த மனிதர் கேலி செய்யாமல் நிற்கிறார்?

“அத்தான். அந்தத் தயிர்ச் சட்டி எங்க?”

அவர் கீழே போனார். சட்டியைக் கொண்டுவந்தார், பேனாவை வாங்கி ஒரு கண்ணாடி பாட்டிலில் போட்டு இறுக மூடி உள்ளே வைத்தார், தன்னுடைய பழைய வேட்டித் துணியைக் கடலில் நனைத்துச் சுற்றி, பாய் விழுத்திய நிழலில் கட்டித் தொங்கவிட்டார். துணியிலிருந்து தண்ணீர் தளத்தில் சொட்டியது. காற்றே இல்லாத இடத்தில் ஈரத்துணி எப்படிக் குளிரும் என்று காலையில் அவள் கேட்ட கேள்வி அங்கேயே நின்றது, நல்ல கேள்வி, இப்போதும் நல்ல கேள்விதான். மூன்று பேரும் சட்டிக்குக் கீழே உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்துத் துணியின் ஓரம் லேசாக அசைந்தது. படகு ஆடியதில் அசைந்ததா, காற்றில் அசைந்ததா? இரண்டுக்கும் இடம் இருந்தது. நிறைமதி ஈரக் கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, எந்தப் பக்கமும் பேசாமல், எந்த விரலில் முதலில் குளிர்கிறது என்று காத்திருந்தாள்.